லயத்தின் வயது

செம்பனைத் தோட்டத்தில் ஒவ்வொரு காட்டின் முகப்பிலும் ஒரு பலகை நிற்கும். எந்த ஆண்டு நட்டது, எத்தனை எக்டர் என்று அதில் எழுதியிருக்கும். நட்ட மூன்றாம் ஆண்டில் மரம் காய்க்கத் தொடங்கும். எட்டு வயதுக்குமேல் கொழுத்த விளைச்சல். இருபதைத் தாண்டினால் இறங்குமுகம். இருபத்தைந்தில் குலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். எல்லா மரமும் ஒரே சமயத்தில் மூப்படைந்துவிடக் கூடாது என்பதற்காகக் காடுகாடாக, ஆண்டு வைத்து நடுவது தோட்ட நிர்வாகத்தின் பாலபாடம். பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் மரங்களின் வயதுவாரிக் கணக்கு தனியாக வரும். அந்த மரங்களை நட்டு, உரம் போட்டு, குலை வெட்டிய மனிதர்களின் வயதுக் கணக்கை அப்படி யாரும் போடவில்லை. போட்டிருந்தால், இன்று நடப்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இந்தக் கணக்கைப் போடக் கோல சிலாங்கூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது இங்கேதான். 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார். தோட்டக்காரராக இருந்தவர், பின்னர் எழுத்தாளராகி 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் பெற்றார். பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அங்கிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் என்று நீளும் சாலைகளின் இரு பக்கமும், வடக்கே உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார், சுங்கை திங்கி வரையிலும், ஒரு காலத்தில் ரப்பரும் பிறகு செம்பனையுமாகத் தமிழர் வாழ்ந்த தோட்டங்கள். ரிவர்சைட், ஹோப்ஃபுல், துவான் மீ, கோல்பீல்ட்ஸ், புக்கிட் செராக்கா, மேரி: இந்தப் பெயர்கள் இன்று பலருக்கும் தமிழ்ப்பள்ளிகளின் பெயராகத்தான் தெரியும்.

மூப்பைப் பற்றிப் பேசுமுன் ஒரு வளைகோட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ரொனால்ட் லீ, ஆண்ட்ரூ மேசன் என்ற இரு மக்கள்தொகைப் பொருளியலாளர்கள் உலகின் பல நாடுகளில் ஒரே கேள்வியைக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு வயதிலும் மனிதர் எவ்வளவு ஈட்டுகிறார், எவ்வளவு செலவழிக்கிறார்? எல்லா நாட்டிலும் விடை ஏறக்குறைய ஒரே வடிவில் வந்தது. பிறந்ததிலிருந்து இருபது சொச்சம் வயதுவரை ஈட்டுவதைவிடச் செலவு அதிகம். இடையில் முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு ஈட்டுவது அதிகம். அறுபதை ஒட்டி மறுபடியும் செலவு மேலே போகிறது. ஆக, வாழ்க்கையின் இரு முனைகளும் பற்றாக்குறை. நடுப்பகுதி மட்டும் மிச்சம். எந்தச் சமூகமும் இந்த நடுப்பகுதி மிச்சத்தைக் குடும்பம் வழியாகவோ, அரசு வழியாகவோ, சேமிப்பு வழியாகவோ இரு முனைகளுக்கும் கொண்டுசேர்த்துத்தான் பிழைக்கிறது.

தோட்டங்களின் வரலாற்றை இந்த வளைகோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். சேலத்திலும் திருச்சியிலும் வடஆர்க்காட்டிலும் பிறந்து வளர்ந்த ஆள், வேலை செய்யும் வயதில் கப்பலேறி வந்தார். அவரை வளர்த்த செலவு ஏதோ ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தின் தலையில் விழுந்தது. உழைப்பு மலாயாவில். உடம்பு தளர்ந்ததும் ஊருக்குத் திரும்பினார்; கஞ்சி ஊற்றும் பொறுப்பு மறுபடியும் கிராமத்துக்கு. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். வாழ்க்கையின் நடுப்பகுதிக்கு மட்டும் கூலி கொடுத்து, இரு முனைகளையும் இன்னொருவர் கணக்கில் எழுதுவதுதான் தோட்டப் பொருளாதாரத்தின் அச்சாணியாக இருந்தது. மைக்கேல் புரவாய் என்ற சமூகவியலாளர் 1976-இல் புலம்பெயர் உழைப்பைப் பற்றி எழுதியபோது இதையே வேறு நாடுகளில் காட்டினார். தொழிலாளியைத் தினமும் வாழவைக்கும் செலவு வேலை நடக்கும் இடத்தில். அடுத்த தலைமுறையை உருவாக்கும் செலவு அவர் புறப்பட்டு வந்த இடத்தில்.

அதனால்தான் அந்தக் காலத்துத் தோட்டங்களில் கிழவர்களும் குறைவு, குழந்தைகளும் குறைவு. 1931 கணக்கெடுப்பின்போது மலாயா இந்தியர்களில் 1000 ஆண்களுக்கு 500 பெண்கள்கூட இல்லை. குடும்பம் நிலைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலித் தொழிலாளர் போவதை நிறுத்தியது. அதன்பின் இரண்டாம் உலகப் போர் வந்தது; சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் திரும்பவில்லை. மிஞ்சியவர்கள் இங்கேயே வேரூன்றினார்கள். 1957-இல் 1000 ஆண்களுக்கு ஏறத்தாழ 750 பெண்கள் என்ற நிலை வந்தது. மலேரியாவும் கட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் தொடங்கிவைத்த வாய்க்கால் வேலை முதல், போருக்குப் பின் வந்த மருந்துகள் வரை, பலதும் சேர்ந்து குழந்தைச் சாவைக் குறைத்தன. 1957-இல் 1000 குழந்தைகள் பிறந்தால் 75 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பு அது 100.

குழந்தைகள் பிழைக்கிறார்கள், பெற்றோர் பழைய கணக்கிலேயே பெறுகிறார்கள்: மக்கள்தொகை வெடித்துப் பெருகும் கட்டம் அது. சுதந்திரம் வந்த சமயத்தில் மலாயா இந்தியப் பெண்களின் மொத்தக் கருவள வீதம் 7-க்கும் மேலே. அதாவது, அந்த ஆண்டின் போக்கே நீடித்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஏழுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெறுவார். நாட்டின் மூன்று பெரிய இனங்களிலும் அப்போது இந்தியர்களின் வீதமே உச்சத்தில் இருந்தது.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தூளி கட்டி ஆட்டப்பட்ட குழந்தைகள்தாம் இன்றைய முதியவர்கள். இன்று புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ இருக்கும் அறுபது, எழுபது வயதுக்காரர்களின் எண்ணிக்கை இன்றைய பெண்கள் எத்தனை குழந்தை பெறுகிறார்கள் என்பதைப் பொறுத்ததே இல்லை. அது 1955-இலும் 1960-இலும் முடிவாகிவிட்டது. அந்தக் குழந்தைகளுக்கு அறுபது வயதாகும் என்பதைக் கணிக்க எந்தச் சூத்திரமும் தேவைப்படவில்லை. பொறுத்திருந்தாலே போதும். இவர்கள் இன்னொரு வகையிலும் புதியவர்கள். திரும்பிப் போக ஊர் இல்லாமல், தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே முதுமை அடைந்த முதல் பெரிய தலைமுறை இதுதான். வளைகோட்டின் கடைசி முனையை வேறெந்தக் கிராமத்தின் கணக்கிலும் எழுத முடியாத முதல் தலைமுறை.

பிறகு பிறப்பு ஏன் இவ்வளவு வேகமாக விழுந்தது? 1970-க்குள்ளாகவே இந்தியர்களின் வீதம் 5-க்கும் கீழே இறங்கிவிட்டது. இன்று அது 1.1 அளவில் நிற்கிறது. மலேசியா முழுவதும் சேர்த்தால் 1970-இல் 4.9, 2022-இல் 1.6. தலைமுறை தலைமுறையாக மக்கள்தொகை அப்படியே நிலைத்திருக்க 2.1 வேண்டும்.

கருத்தடை சிலாங்கூருக்குப் புதிதல்ல. குடும்பத் திட்டச் சங்கம் இங்கே 1953-லேயே தொடங்கிவிட்டது. 1966-இல் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் வந்தது. ஆனால் மாத்திரை கிடைப்பது ஒன்று, அதை எடுக்க ஒரு தாய் முடிவு செய்வது இன்னொன்று. அந்த முடிவைப் புரிந்துகொள்ள ஜான் கால்ட்வெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலாளர் 1976-இல் முன்வைத்த கருத்து எனக்கு மிகவும் பயன்படுகிறது. செல்வம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பாருங்கள் என்றார் அவர். பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் பாய்ந்தால் நிறையப் பிள்ளைகள் லாபம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாயத் தொடங்கினால், குறைவாகப் பெறுவதே புத்திசாலித்தனம்.

ரப்பர்த் தோட்டத்தில் இது கண்முன்னே நடந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் அம்மாவுடன் எட்டு வயதுப் பிள்ளையும் போகும். மங்கு துடைக்கும், கட்டிப்பால் உருவும், பால் எடுக்க வாளி தூக்கும். செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்கும். கணக்கில் பெயர் இருக்காது. ஆனால் அம்மாவின் கூலி அந்தச் சின்னக் கைகளால் கூடியது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். நான்காவது, ஐந்தாவது குழந்தைக்குத் தனியாகச் செலவென்று பெரிதாக எதுவும் இல்லை.

பள்ளி இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும். இடைநிலைப் பள்ளி பட்டணத்தில். பஸ் காசு, சீருடை, புத்தகம், டியூஷன். பிள்ளை இப்போது பதினேழு வயதுவரை செலவு. சம்பாதிக்கத் தொடங்கும்போது லயத்தை விட்டே போய்விடும். 1970-களில் சுங்கைவே போன்ற தடையற்ற வணிக வட்டாரங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. ஃபேக்டரி பஸ்கள் தோட்டத்து முச்சந்திவரை வந்து பெண்களை ஏற்றிச் சென்றன. மாதச் சம்பளம் கையில் வந்த பெண் பதினெட்டு வயதில் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. கல்யாணம் தள்ளிப்போனது, முதல் குழந்தை தள்ளிப்போனது, ஐந்தாம் குழந்தை வரவே இல்லை. கூலியை நாள் கணக்கில் வாங்கிய ஒரு சமூகம், பிள்ளைகளையாவது தோட்டத்துக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று எடுத்த முடிவு அது. மேடைகளில் இந்தப் பெண்களைக் குறை சொல்லும் பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். இனம் சுருங்குவதற்கு அவர்கள்தான் காரணம்போல. அது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

1984-ஐயும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு அரசு தலைகீழாகத் திரும்பி, 2100-ஐ ஒட்டி நாட்டின் மக்கள்தொகை 7 கோடியாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. குடும்பத் திட்ட வாரியத்தின் பெயரும் வேலையும் மாறின. தோட்டத் தமிழர்களின் வரைபடத்தில் அந்த அறிவிப்பின் தடயமே இல்லை. வீதம் இறங்கிக்கொண்டேதான் போனது.

1.1 என்றால் என்ன என்பதை எண்ணிப் பார்ப்போம். 100 பெண்கள், ஆளுக்குச் சராசரி 1.1 குழந்தை, அதில் பெண் குழந்தைகள் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆக 100 தாய்மாருக்கு 53 மகள்கள். அதே வீதம் தொடர்ந்தால் 53 மகள்களுக்கு 28 பேத்திகள். ஏழு பெற்ற பாட்டி தலைமுறையில் 100 பேருக்கு 300 மகள்களுக்கும் மேல் வளர்ந்தார்கள் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். பெண்கள் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடும் ஆண்டுகளில் இந்த வீதம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இருபத்து நான்கில் பெறவேண்டியதை முப்பதில் பெற்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் பிறப்பே இல்லாததுபோல் தோன்றும். கடைசியில் அவள் பெற்றது அதே இரண்டாக இருக்கலாம். 1998-இல் ஜான் போங்கார்ட்ஸும் கிரிஃபித் ஃபீனியும் இதைச் சரிசெய்யும் முறையைக் கொடுத்தார்கள். திருத்திப் பார்த்தாலும் மலேசிய இந்தியர்களின் வீதம் 2.1-ஐ எட்டும் என்று நம்ப இடமில்லை. ஆனால் படுகுழியின் ஆழம் தலைப்புச் செய்தி சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டிலும் 2020-இல் வீதம் 1.4-தான். தென்கொரியாவில் 2023-இல் 0.72, சிங்கப்பூரில் 0.97. அந்த இரு அரசுகளும் பிள்ளைப்பேற்றுக்காகக் கொட்டிய பணத்துக்கு அளவில்லை, அந்த ஆண்டுவரை வீதம் ஏறவில்லை.

இதுவரை சொன்னது பிறப்பு. ஆனால் ஒரு லயம் மூப்படைய இன்னொரு வழியும் உண்டு. கோல சிலாங்கூரில் அதுவே வேகமானது. இளைஞர்கள் வெளியேறுவது. மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்துவிட்டதா என்றால் இல்லை. 2020 கணக்கெடுப்பில் அது 2 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. பூஞ்சாக் ஆலமில் வீடுகள் குவிந்தன. 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக்கைத் தலைநகரப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. ஒரே மாவட்டத்துக்குள் ஒரு பக்கம் இளந்தம்பதியர் நிறைந்த புதிய குடியிருப்புத் தாமான்கள். பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி, அவர்களுடைய அப்பா அம்மா மட்டும் இருக்கும் லயங்கள். மாவட்டச் சராசரி இரண்டையும் கலந்து ஒரு நடுத்தர வயதைக் காட்டும். சராசரியை மட்டும் நம்பித் திட்டம் போடும் அதிகாரிக்கு லயம் கண்ணில் படாது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின்போது மட்டும், கார்கள் வரிசைகட்டி நிற்க, வெளியேறிய தலைமுறை ஒருநாள் திரும்பி வரும்.

காலியான வீடுகள் சும்மா கிடக்கவில்லை. இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம், இந்தியாவிலிருந்து வந்த ஆண்கள் அவற்றில் தங்குகிறார்கள். வேலை உரிமத்தின் விதி தெளிவானது: நுழையும்போது 18 முதல் 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது. மக்கள்தொகைப் பிரமிடு வரைந்தால் நடுவில் மட்டும் பருத்து, அடியில் குழந்தைகளே இல்லாத வடிவம் கிடைக்கும். 1931-இன் வடிவம் அது. வாழ்க்கையின் நடுப்பகுதிக்கு மட்டும் கூலி என்ற பழைய ஏற்பாடு, இப்போது இந்தோனேசியாவின் லொம்போக்கையும் வங்காளதேசக் கிராமங்களையும் இரு முனைகளுக்குப் பொறுப்பாக்கி மீண்டும் நடக்கிறது. அந்த மனிதர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நம் தாத்தாமார் நின்ற அதே இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள்.

இதன் விளைவு முதலில் தெரிவது பள்ளியில். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. மாணவர் எண்ணிக்கை 2007-ஐ ஒட்டி ஒரு லட்சத்துக்கு மேல். இப்போது 80,000 அளவுக்கு இறங்கிவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட பள்ளிகள் 150-க்கும் குறைந்த மாணவர்களோடு, குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் இருக்கின்றன. பெயரில் தோட்டம் என்று இருக்கும் பள்ளிகளே அதில் அதிகம். ஆள் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் உட்காரவைக்கிறார்கள். பெற்றோர் அதைப் பார்த்து அடுத்த பிள்ளையை வேறு பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். எண்ணிக்கை இன்னும் குறைகிறது.

முதியவர்களிடம் வருவோம். ஒரு சமூகத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர் 100-க்கு 7 பேரானால் மூப்படையும் சமூகம் என்றும், 14 பேரானால் மூப்படைந்த சமூகம் என்றும் சொல்வது வழக்கம். 7-லிருந்து 14-க்குப் போகப் பிரான்சுக்கு 115 ஆண்டுகள் பிடித்தன, ஸ்வீடனுக்கு 85, ஜப்பானுக்கு 24. மலேசியா 7-ஐத் தொட்டது 2020-ஐ ஒட்டி. 2044-இல் 14-ஐத் தொடும் என்று உலக வங்கி 2020-இல் கணித்தது. அதாவது ஜப்பானின் வேகம், ஜப்பானின் செல்வம் இல்லாமல். நாட்டில் சீனர்களுக்கு அடுத்தபடியாக மூப்படைந்திருப்பது இந்தியச் சமூகம்தான்.

மூப்பு தன்னளவில் ஒரு வெற்றி. முதல் பிறந்தநாளுக்கு முன்பே 1000-க்கு 75 பேர் இறந்த ஒரு காலத்தில் பிறந்தவர்கள் எழுபதைத் தொட்டிருக்கிறார்கள். அவர்களின் சிக்கல் வயதால் வந்ததல்ல. மூன்று பழைய கணக்குகளால் வந்தது.

முதலாவது, வீடு. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1990-இன் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் தண்ணீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் என்று பலதையும் கட்டாயமாக்கியது; நல்ல சட்டம். ஆனால் அது வேலை செய்கிறவருக்கும் அவரை அண்டியவருக்கும் ஆனது. முப்பது நாற்பது ஆண்டு ஒரே வீட்டு முற்றம் பெருக்கிய மூதாட்டிக்கு ஓய்வுக்குப் பின் அங்கே சட்டப்படி எந்த இடமும் கிடையாது. ஆயாக் கொட்டகைக்குச் சட்டத்தில் இடம் இருந்தது, ஆயாவுக்கு இல்லை.

இரண்டாவது, பணம். ஊழியர் சேமநிதி 1951 முதல் இருக்கிறது. ஆனால் அது சம்பளத்தின் ஒரு பங்கு. சம்பளம் சிறிதென்றால் நிதியும் சிறிது. மாதம் 400 ரிங்கிட் என்று வைத்து, தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 12 விழுக்காடும் கட்டினால் 92 ரிங்கிட். முப்பது ஆண்டுக்கு, லாப ஈவைச் சேர்க்காமல், 33,000 ரிங்கிட் சொச்சம். ஐம்பத்தைந்து வயதில் இருக்கவேண்டிய அடிப்படைச் சேமிப்பு என்று சேமநிதி வாரியமே 2019 முதல் வைத்திருந்த அளவு 2,40,000. குறைந்தபட்ச ஊதியம் என்ற ஒன்றே 2013-இல்தான், தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக, வந்தது. அதற்குள் இந்தத் தலைமுறையின் பெரும்பகுதி ஓய்வு பெற்றுவிட்டது. மிஞ்சுவது சமூக நல இலாகாவின் உதவி, வெல்ஃபேர் பணம் என்று எல்லாரும் சொல்வது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முதியோருக்கு அது மாதம் 600 ரிங்கிட் ஆக்கப்பட்டது. அதைப் பெறக் குடியுரிமை வேண்டும். நாட்டில் பல பத்தாண்டுகள் உழைத்தும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடே முதுமை அடைந்தவர்கள் இருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவதாக 2018-இல் அரசு அறிவிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, உடம்பு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. மூன்று பெரிய இனங்களில் இந்திய ஆண்களின் ஆயுட்காலமே குறைவு. ஆகவே தோட்ட முதுமை பெரும்பாலும் கணவரை இழந்த பெண்ணின் முதுமை. 2018-இல் முதியோரிடம் நடத்திய ஆய்வு, அறுபது கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மறதிநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. சிறுநீரகம் பழுதான ஒரு பாட்டியை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக யாராவது வேண்டும். செம்பனைக் காட்டு மண்சாலையிலிருந்து பஸ் நிறுத்தம்வரை போவதே ஒரு வேலை.

இந்த இடத்தில்தான் குறைந்த பிறப்பு முதுமையோடு வந்து முட்டுகிறது. ஏழு பிள்ளை பெற்ற தாய்க்கு ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்றிருந்தது. இன்று அறுபதைத் தொடும் தலைமுறைக்கு மூன்று நான்கு பிள்ளைகளாவது உண்டு. பத்து இருபது ஆண்டுகள் கழித்து அறுபதைத் தொடுபவர்களுக்கு இரண்டோ ஒன்றோ. பூஞ்சாக் ஆலமில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு மகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இரண்டு பெற்றோர்; கணவன் வீட்டில் இரண்டு பேர்; ஒரு குழந்தை; ஷா ஆலமில் ஷிஃப்டு வேலை. கவனிப்பு என்பது பாசம் மட்டும் இல்லை, அது மணி நேரம். அவளிடம் அந்த மணி நேரம் இல்லை. அவளை இன்னொரு குழந்தை பெறச் சொல்வது இந்தக் கணக்கைத் தீர்க்காது. இன்று பிறக்கும் குழந்தை சம்பாதிக்கத் தொடங்கும்போது அவள் பெற்றோருக்குத் தொண்ணூறு வயது.

எனவே செய்யக்கூடியதை இரண்டாகப் பிரிக்கலாம். பிள்ளை வேண்டும் என்று நினைத்தும் பெற முடியாமல் இருப்பவர்களின் தடையை நீக்குவது ஒன்று: நம்பகமான குழந்தைக் காப்பகம், கட்டுப்படியாகும் வீடு, அப்பாவுக்கும் விடுப்பு. 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள். அந்த ஏழு நாள் போதாது என்பது என் கருத்து. இதன் பலன் தெரியத் தலைமுறை ஆகும்.

மற்றது, ஏற்கனவே பிறந்து வளர்ந்து கிழமாகிவிட்டவர்களுக்கானது. அதற்குக் காத்திருக்க நேரமில்லை. முதியோர் நடவடிக்கை மையங்கள் நாடெங்கும் இருக்கின்றன, ஆனால் பட்டணங்களில். மாணவர் குறைந்த தோட்டப் பள்ளியில் காலியாக இருக்கும் வகுப்பறைகளில் பகலில் ஒரு முதியோர் மையம் நடத்துவதில் என்ன தடை? சமைக்க ஆளுண்டு, கழிப்பறை உண்டு, சுகாதாரத் துறை வண்டி வந்து நிற்க இடம் உண்டு. கல்வி அமைச்சும் சமூக நல இலாகாவும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். நாளுக்கு ஆறு மணி நேரம் அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்தால், ஷா ஆலமில் வேலை பார்க்கும் மகளுக்கு அந்த ஆறு மணி நேரம் கையில் கிடைக்கும்.

வீட்டுக் கணக்கு ஓரிடத்திலாவது தீரும் என்ற அறிகுறி தெரிகிறது. உலு சிலாங்கூரில் மேரி, புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தன. அவர்களுக்குத் தரை வீடுகள் கட்டித்தரப்படும் என்று 2023-இல் அரசு அறிவித்தது. கேட்கத் தொடங்கியபோது அவர்கள் நாற்பது வயதுத் தொழிலாளர்கள். வீட்டில் குடியேறும்போது அறுபத்தைந்து, எழுபது. ஆகவே வரைபடத்தைக் கையில் எடுக்கும் பொறியாளர் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். வாசலில் படி எத்தனை, அதற்குப் பதில் சரிவு வைக்கலாமா? கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா, சுவரில் பிடிமானக் கம்பி உண்டா? அருகிலுள்ள கிளினிக்குக்கு நடந்து போக முடியுமா, முடியாதென்றால் வாரத்தில் எத்தனை நாள் வண்டி வரும்? கணவர் இறந்தால் வீடு மனைவியின் பெயருக்கு மாறத் தடை ஏதும் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு வீடு கட்டும்போதே விடை எழுதுவது மலிவு. கட்டி முடித்த பிறகு உடைத்து மாற்றும் செலவு, அதே வெல்ஃபேர் பணத்திலிருந்துதான் போகும்.